காட்டை அளந்துவிட்டு விலை பேசுங்கள்: சொந்தக் காடு வைத்திருப்பவருக்கு

வியாபாரி காட்டை ஒரு சுற்று சுற்றிப் பார்க்கிறார். வெளியே வந்து ஒரு மொத்தத் தொகை சொல்கிறார். அது கூடுதலா குறைவா என்று சொல்ல உரிமையாளரிடம் ஒரு எண்கூட இல்லை. அடுத்த ஆண்டு கார்பன் கடன் (மரம் காற்றிலிருந்து இழுத்துச் சேர்த்த கார்பனுக்குத் தரும், விற்கக்கூடிய சான்று) நிறுவனத்தின் ஆள் வருகிறார். அவர் கையிலும் ஒரு கணக்கு இருக்கிறது, உரிமையாளர் கை அப்போதும் காலி. வாரிசுகள் பங்கு பிரிக்கும்போதும், புயலில் மரம் சாய்ந்து காப்பீடு கேட்கும்போதும் இதே நிலைதான். மரம் நம்முடையது, கணக்கு அடுத்தவருடையது.

காட்டை அளக்கப் பெரிய கருவி வேண்டாம். 10 ஹெக்டேர் காட்டை (ஏறக்குறைய 25 ஏக்கர்) இரண்டு பேர் இரண்டு மூன்று நாளில் அளந்துவிடலாம். அதனால் அளவெடுப்பிலிருந்தே தொடங்குவோம்.

அதற்கும் முன்னால் எல்லை

எல்லை தெளிவில்லாத காட்டில் எந்த வேலையும் தொடங்காதீர்கள். பத்திரத்தில் உள்ள வரைபடத்தையும் தரையில் உள்ள கற்களையும் ஒப்பிடுங்கள். பொருந்தாவிட்டால் சர்வேயரை அழைத்து, பக்கத்து நிலத்துக்காரர் முன்னிலையில் கல் நடுங்கள். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே, ஒன்றில் நின்றால் அடுத்தது தெரியும் தூரத்தில், எல்லையோர மரங்களில் பெயின்ட் பட்டை போடுங்கள். நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும்.

போனில் உள்ள ஜி.பி.எஸ். மரத்தழையின் கீழே 5 முதல் 10 மீட்டர் வரை தாராளமாகத் தவறும். காட்டுக்குள் வழி கண்டுபிடிக்க அது போதும். எல்லைத் தகராறைத் தீர்க்கப் போதாது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் அடுத்தவர் மரத்தை வெட்டினால் மரத்தின் விலையைப்போல இரண்டு மூன்று மடங்கு இழப்பீடு கட்ட வேண்டியிருக்கும். வெட்டியது ஒப்பந்தக்காரர் என்றாலும் வழக்கு உங்கள் வாசலுக்கும் வரும்.

எல்லையை மின்வடிவில் வைத்திருப்பதற்கு இப்போது இன்னொரு பயனும் உண்டு. ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் கொண்டுவந்த காடழிப்புத் தடுப்புச் சட்டப்படி, அங்கே விற்கும் மரப்பொருளுக்கு அது வெட்டப்பட்ட நிலத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை தசமத்துக்குப் பின் ஆறு இலக்கம் வரை தேவை. நிலம் 4 ஹெக்டேருக்கு மேல் என்றால் சுற்றெல்லை முழுவதையும் வரைந்து தர வேண்டும். 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழிக்கப்பட்ட நிலத்தின் பொருளை அங்கே விற்க முடியாது. சட்டத்தின் அமலாக்கம் ஒருமுறைக்கு மேல் தள்ளிப்போனாலும், ஏற்றுமதி ஆலைகள் நில வரைபடம் கையில் உள்ளவரிடம் வாங்கவே விரும்பும்.

மாதிரி வட்டங்கள்

இரண்டு ஹெக்டேர் வரை ஒவ்வொரு மரத்தையும் அளக்கலாம். அதற்கு மேல் மாதிரி வட்டங்கள்தான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

வேண்டியவை: 30 மீட்டர் டேப், சுற்றளவுக்குத் தையல்காரர் டேப் போல வளையும் ஒரு டேப், திசைகாட்டி, சரிவையும் உயரத்தையும் காட்டும் போன் செயலி, சாக்பீஸ், நோட்டு, பென்சில். பேனா வேண்டாம், ஈரத்தில் மை கரையும். ஒருவர் அளந்து சொல்ல, மற்றவர் எழுத வேண்டும். எழுதுபவர் எண்ணைத் திருப்பிச் சொல்லிவிட்டு எழுதட்டும். பத்து மீட்டர் தள்ளி நின்றால் ‘அறுபது’ம் ‘எழுபது’ம் காதில் ஒன்றாகவே விழும்.

வட்டத்தின் அளவை மரத்தின் நெருக்கத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இளம் மரங்கள் நெருங்கி நிற்கும் இடத்தில் 5.64 மீட்டர் ஆரம். அது 100 சதுர மீட்டர். நடுத்தரக் காட்டில் 7.98 மீட்டர், 200 சதுர மீட்டர். பெரிய மரங்கள் விலகி நிற்கும் இடத்தில் 11.28 மீட்டர், 400 சதுர மீட்டர். ஒரு வட்டத்துக்குள் 10 முதல் 20 மரம் வந்தால் அளவு சரி. ஒரே வகைக் காட்டில் ஒரே ஆரத்தையே கடைசிவரை வைத்துக்கொள்ளுங்கள்.

எத்தனை வட்டம் என்பது காட்டின் பரப்பைவிட அது எவ்வளவு சீரற்றது என்பதைப் பொறுத்தது. ஐந்தாறு வட்டம் அளந்ததும், அவற்றின் மர அளவு சராசரியிலிருந்து எத்தனை சதவீதம் விலகுகிறது என்று கணக்கிடுங்கள் (மாறுபாட்டுக் கெழு: திட்டவிலக்கம் ÷ சராசரி × 100). அதை 2-ஆல் பெருக்கி, நீங்கள் ஏற்கத் தயாரான பிழைச் சதவீதத்தால் வகுத்து, விடையைத் தன்னாலேயே பெருக்கினால் வேண்டிய எண்ணிக்கை வந்துவிடும். விலகல் 40%, ஏற்கும் பிழை 20% என்றால் 16 வட்டம். பிழை 15% போதும் என்றால் 29. 10% வேண்டுமென்றால் 64. பிழையைப் பாதியாக்க நான்கு மடங்கு உழைக்க வேண்டும். சாதாரண விற்பனைக்கு 15% போதுமானது.

10 ஹெக்டேருக்கு 16 வட்டம் என்றால் ஒரு வட்டத்துக்கு 6,250 சதுர மீட்டர். அதன் வர்க்கமூலம் 79. ஆகவே வரைபடத்தில் 79 மீட்டர் இடைவெளியில் கட்டம் போட்டு, கோடுகள் வெட்டும் புள்ளிகளில் வட்டத்தின் மையத்தை வையுங்கள். காட்டுக்குள் போனபின் மையத்தை ‘நல்ல’ இடத்துக்கு நகர்த்தும் ஆசை வரும். அங்கேதான் கணக்கு கெடுகிறது. புள்ளி முட்புதரில் விழுந்தால் முட்புதருக்குள்ளேயே அளக்க வேண்டும். வெறும் பாறையில் விழுந்தால் பூஜ்யம் எழுத வேண்டும். அந்தப் பூஜ்யமும் உங்கள் காட்டைப் பற்றிய செய்திதான்.

வட்டம் எல்லையைத் தாண்டி விழுந்தாலும் நகர்த்தாதீர்கள். மையத்திலிருந்து எல்லைக்கோட்டுக்குச் செங்குத்தாக நடந்து, எல்லைக்கு அப்பால் அதே தூரம் போய் நில்லுங்கள். அங்கிருந்து அதே ஆரத்துக்குள் வரும் உங்கள் பக்கத்து மரங்களை இரண்டாம் முறையும் எழுதுங்கள். வெளியே போன பரப்புக்கு அது ஈடுகட்டிவிடும்.

சரிவில் டேப்பைத் தரையோடு பிடித்தால் வட்டம் சுருங்கிவிடும். முடிந்தவரை டேப்பைக் கிடைமட்டமாகப் பிடியுங்கள். முடியாவிட்டால் ஆரத்தைக் கூட்டுங்கள்: 20 பாகைச் சரிவில் 11.28 மீட்டருக்குப் பதிலாகச் சரிவின் திசையில் 12 மீட்டர். இதை மறந்தால் சரிவு நிலத்தின் மரம் குறைவாகவே கணக்கில் வரும்.

மரத்தின் சுற்றளவை மார்பு மட்டத்தில் எடுக்க வேண்டும். அது தரையிலிருந்து 1.3 மீட்டர், சில நாடுகளில் 1.37. சரிவில் மேட்டுப் பக்கம் நின்று அளக்க வேண்டும். சாய்ந்த மரத்தில் சாய்வின் வழியே 1.3 மீட்டர். அந்த மட்டத்துக்குக் கீழே கவைத்த (இரண்டாகப் பிரிந்த) மரம் இரண்டு மரம். மேலே கவைத்தால் ஒன்று. பலகை வேர் உள்ள மரத்தை, வேர் முடியும் இடத்துக்கு 30 செ.மீ. மேலே அளங்கள். கொடி சுற்றியிருந்தால் டேப்பைக் கொடிக்கு அடியில் நுழைத்துவிடுங்கள். விளிம்பில் நிற்கும் மரம் உள்ளா வெளியா என்ற சந்தேகம் வந்தால், தண்டின் நடுவை வைத்து முடிவு செய்யுங்கள். உங்களைப் பார்க்கும் முகத்தை வைத்து அல்ல. அளந்த மரத்தில் சாக்பீஸ் கோடு போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.

உயரத்துக்கு வட்டத்துக்கு இரண்டு மூன்று மரம் போதும். மரத்தின் உயரம் அளவுக்காவது தள்ளி நின்று பாருங்கள். அருகில் நின்று அண்ணாந்து பார்த்தால் பக்கக் கிளை உச்சியை மறைக்கும், உயரம் கூடுதலாக வரும்.

சரிபார்க்க ஒரு குறுக்குவழி உண்டு. 1948-இல் ஆஸ்திரியாவின் வால்டர் பிட்டர்லிச் வெளியிட்ட முறை அது. 1 செ.மீ. அகலமுள்ள அட்டைத் துண்டைக் கண்ணிலிருந்து 50 செ.மீ. தூரத்தில் பிடியுங்கள், ஒரு நூலில் முடிச்சுப் போட்டுப் பல்லில் கடித்துக்கொண்டால் தூரம் மாறாது. நின்ற இடத்திலேயே ஒரு முழுச்சுற்று சுற்றி, அட்டையைவிட அகலமாகத் தெரியும் தண்டுகளை மட்டும் எண்ணுங்கள். சரியாக அட்டை அகலமே இருந்தால் அரை. 24 என்று வந்தால், அங்கே ஹெக்டேருக்கு 24 சதுர மீட்டர் அடிப்பரப்பு இருக்கிறது. அடிப்பரப்பு என்பது, எல்லா மரத்தையும் மார்பு மட்டத்தில் அறுத்தால் தெரியும் வட்டங்களின் மொத்தப் பரப்பு. டேப் கணக்கும் அட்டைக் கணக்கும் வெகுவாக வேறுபட்டால் எங்கோ தவறு நடந்திருக்கிறது.

எந்தக் கன மீட்டர்?

சுற்றளவு 100 செ.மீ. உள்ள மரத்தின் அடிப்பரப்பு 0.0796 சதுர மீட்டர் (சுற்றளவின் வர்க்கத்தை 12.57-ஆல் வகுக்க வேண்டும்). உயரம் 18 மீட்டர். மரம் மேலே போகப் போகச் சிறுப்பதால் 0.45-ஆல் பெருக்குகிறோம், இந்த வடிவ எண் பெரும்பாலும் 0.4-க்கும் 0.5-க்கும் நடுவில் இருக்கும். 0.0796 × 18 × 0.45 = 0.645 கன மீட்டர். உங்கள் வகை மரத்துக்கு வனத்துறையோ ஆராய்ச்சி நிலையமோ கன அளவு அட்டவணை வெளியிட்டிருந்தால் இதைவிட அதுவே நம்பகம். 400 சதுர மீட்டர் வட்டத்தில் வந்த மொத்தத்தை 25-ஆல் பெருக்கினால் ஹெக்டேர் கணக்கு. 200 என்றால் 50-ஆல்.

வெட்டி விழுந்த தடியை அளக்கும்போதுதான் கைநழுவும் பணம் கண்ணுக்குத் தெரியும். ஒரு தடியை எடுத்துக்கொள்வோம். நடுச் சுற்றளவு 100 செ.மீ., நீளம் 5 மீட்டர். உண்மையான கன அளவு 0.398 கன மீட்டர். ‘ஹாப்பஸ்’ எனப்படும் கால் சுற்றளவு முறையில் (சுற்றளவை நான்கால் வகுத்து, வர்க்கமாக்கி, நீளத்தால் பெருக்குவது) அதே தடி 0.3125 மட்டும். 21.5% குறைவு. அறுக்கும்போது வீணாகும் பக்கப்பலகையைக் கழிக்க வந்த முறை அது. அதில் ஏமாற்று ஒன்றும் இல்லை. உண்மைக் கன மீட்டருக்கு விலை பேசிவிட்டுக் கால் சுற்றளவில் அளந்தால்தான் ஐந்தில் ஒரு பங்கு மரம் காணாமல் போகிறது. விலையைச் சொல்லும்போதே எந்த முறைக் கன மீட்டர் என்று கேளுங்கள்.

இன்னும் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒன்று பட்டை: 1 செ.மீ. தடிப்பான பட்டையை உரித்தால் 100 செ.மீ. சுற்றளவு 93.7 ஆகிறது, கன அளவில் 12% போய்விடும். மற்றது, அளவைக் கீழ்நோக்கி முழுமையாக்குவது: 104 செ.மீ.-ஐ 100 என்று எழுதினால் அந்தத் தடியில் 7.5% போகும். இரண்டுமே வழக்கத்தில் உள்ளவைதான், விலையில் ஈடுகட்டப்பட்டிருந்தால் தவறில்லை. உள்ளீடு அழுகிய தடிக்குக் கழிவு எவ்வளவு, வெளிறுக்கு (தண்டின் வெளிப்புற மென்மரம்) கழிவு உண்டா, வைரம் (உட்புறக் கடினமரம்) மட்டுமா கணக்கு என்பதையும் முதல் மரம் விழும் முன்பே எழுதிக்கொள்ளுங்கள்.

எடைக்கு விற்றால் கவலை வேறு. பச்சை மரம் ஒவ்வொரு நாளும் தண்ணீரை இழக்கிறது. வெட்டியபின் லாரி இரண்டு வாரம் தாமதமானால் எடை குறைந்த நஷ்டம் உங்களுடையது. வெட்டி எத்தனை நாளுக்குள் ஏற்ற வேண்டும், எந்த எடைமேடை, சீட்டின் நகல் யாருக்கு என்பவை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

பெருத்ததை வெட்டிச் சிறுத்ததை விடுவது

‘பெரிய மரத்தை எடுத்துவிடலாம், சின்னது பிறகு வளரும்’ என்று வியாபாரிகள் சொல்வார்கள். கேட்க நியாயமாக இருக்கும். பெரும்பாலான காடுகளில் அது தவறு. ஒரே காலத்தில் முளைத்த காட்டில் சிறிய மரம் இளைய மரம் அல்ல. அதே வயதில் போட்டியில் தோற்ற மரம். மேலே நின்ற வலுவான மரத்தை எடுத்துவிட்டால், தழை குறைந்து ஒல்லியாக நிற்கும் அது வெளிச்சம் கிடைத்தும் தேறுவதில்லை. இரண்டு முறை இப்படி வெட்டினால் காடு பச்சையாக நிற்கும், விலைபோகும் மரம் ஒன்றும் இருக்காது. விதை தருவதும் அந்த நோஞ்சான் மரங்களே என்பதால் அடுத்த தலைமுறையும் கெடும். சுற்றளவு வரம்பு ஒன்றை மட்டும் வைத்து ‘இதற்கு மேல் உள்ளதெல்லாம்’ என்று எந்தக் காலத்திலும் விற்காதீர்கள்.

சரியான வரிசை தலைகீழானது. முதலில் கடைசிவரை நிற்க வேண்டிய மரங்களைத் தேர்ந்தெடுங்கள்: நேரான தண்டு, காயமில்லாத அடி, உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாத பச்சைத் தழை. ஹெக்டேருக்கு 100 முதல் 200 வரை போதும். ஒவ்வொன்றையும் சுற்றிப் பார்த்து, அதன் தழையோடு இடிக்கும் ஒன்றிரண்டு மரத்துக்கு மட்டும் வெட்டுக் குறி போடுங்கள். இதுவே கலைப்பு வெட்டு. ஒரு தடவையில் அடிப்பரப்பில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள். அதற்கு மேல் போனால் காற்று உள்ளே புகும். களையும் கொடியும் எழும்பும். சில வகை மரங்களில் தண்டிலிருந்து பக்கத் துளிர்கள் கிளம்பித் தடியின் தரத்தைக் கெடுக்கும்.

காற்றுக்குத் தாங்குமா என்று பார்க்க, உயரத்தை விட்டத்தால் வகுங்கள், இரண்டும் ஒரே அலகில் இருக்கட்டும். 20 மீட்டர் உயரம், 69 செ.மீ. சுற்றளவு, அதாவது 22 செ.மீ. விட்டம்: விடை 91. 80-ஐத் தாண்டிய காட்டில், குறிப்பாக ஊசியிலை மரங்களில், கொஞ்சமாகக் கலைத்து, சில ஆண்டு விட்டு மறுபடி கலையுங்கள். பிந்திவிட்ட கலைப்பை ஒரே மூச்சில் ஈடுகட்டப் பார்த்து, அடுத்த புயலில் மிச்சத்தையும் இழப்பது அடிக்கடி நடப்பது.

இறுதி வெட்டு எப்போது? ஐந்து ஆண்டில் சுற்றளவு 100-லிருந்து 110 செ.மீ. ஆனால் அடிப்பரப்பு 21% கூடியிருக்கிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 3.9%. உயரமும் கூடினால் இன்னும் அதிகம். அடுத்த தரத்துக்குரிய தடிமனை எட்டினால் கன மீட்டர் விலையே ஏறும். இந்த மொத்த வளர்ச்சி, பணத்தை வேறு இடத்தில் போட்டால் கிடைப்பதைவிடக் குறையும் ஆண்டில்தான் வெட்டு பொருளாதார ரீதியாகச் சரி. மரம் ‘முற்றிவிட்டது’ என்று வாங்க வந்தவர் சொல்வது காரணம் ஆகாது.

விற்பனை

மூன்று வழி உண்டு. நின்ற மரமாக மொத்த விலைக்கு விற்பது, வெட்டி அளந்த அளவுக்கு விற்பது, நீங்களே கூலி கொடுத்து வெட்டிச் சாலையோரம் அடுக்கி விற்பது. மூன்றாவதில் லாபம் அதிகம், தலைவலியும் அதிகம். வெட்டித் தரம் பிரிக்கத் தெரிந்த ஆள் கூட இல்லாமல் இறங்காதீர்கள். அளவெடுப்பு முடித்தவருக்கு முதல் வழி நல்லது: பணம் முன்கூட்டியே வரும், அளவுத் தகராறு இல்லை. அளக்காதவருக்கு அதுவே மிக மோசமான வழி.

விற்கும் மரம் ஒவ்வொன்றிலும் இரண்டு பெயின்ட் குறி போடுங்கள். ஒன்று கண் மட்டத்தில். மற்றது தரையோடு ஒட்டி, மரம் போனபிறகும் அடிக்கட்டையில் நிற்கும்படி. குறியில்லாத அடிக்கட்டை கண்ணில் பட்டால் அது திருட்டு வெட்டு என்று நிரூபிக்க வேறு சாட்சி வேண்டாம். நிறத்தை வெளியே சொல்லாதீர்கள், டப்பாவைக் காட்டில் விட்டுவிட்டும் வராதீர்கள்.

பிறகு குறைந்தது நான்கைந்து பேரிடம் மூடிய உறையில் விலை கேளுங்கள். அறிவிப்பில் மரவகை, எண்ணிக்கை, தடிமன் வாரியாகக் கன அளவு, அளந்த முறை, லாரி வரும் வழி, வெட்டக்கூடிய மாதங்கள், உறை திறக்கும் நாள் எல்லாம் இருக்கட்டும். வந்து பார்க்க ஒரு மாதமாவது கொடுங்கள். ஈரக் காலத்திலும் லாரி வந்துபோகும் சாலை உள்ள காட்டுக்கு விலை கூடும், ஏனென்றால் மற்ற காடுகள் மூடிக் கிடக்கும்போது ஆலைக்கு மரம் வேண்டும். ஒரே ஆள் மட்டும் அவசரப்படுத்தினால் அவசரம் அவருடையது.

ஒப்பந்தத்தில் விட்டுப்போகக் கூடாதவை:

- எல்லை வரைபடமும் வெட்டுக் குறியின் விவரமும்
- மரம் விழும் முன் முழுப் பணம், அல்லது பகுதி வாரியாகப் பணம் வந்தபின் பகுதி வாரியாக வெட்டு
- குறியில்லாத மரத்தை வெட்டினாலோ காயப்படுத்தினாலோ மரத்தின் விலையைப்போல இரண்டு மூன்று மடங்கு
- முடிவு நாள். அதன்பின் நிற்கும் மரம் உங்களுக்கே
- தரை ஈரமாக இருந்தால் வேலையை நிறுத்தச் சொல்லும் உரிமை
- சாலை, வேலி, ஓடை சீரமைப்புக்கு நீங்கள் பிடித்து வைக்கும் வைப்புத்தொகை
- தொழிலாளர் விபத்துக் காப்பீட்டுச் சான்றின் நகல்

வைப்புத்தொகையை மட்டும் யாரும் வலிய நினைவுபடுத்த மாட்டார்கள். கடைசி லாரி போனபிறகு உங்கள் கையில் இருக்கும் ஒரே பிடி அதுதான்.

சிறு பரப்பு வைத்திருப்பவருக்குப் பெரிய ஆலைகள் நேரடியாக விலை சொல்வதில்லை. பக்கத்து உரிமையாளர்களோடு சேர்ந்து ஒரே பருவத்தில் விற்றால் இயந்திரம் கொண்டுவரும் செலவு பிரியும். தென் ஸ்வீடனில் சோத்ரா என்ற கூட்டுறவில் 50,000-க்கும் மேற்பட்ட காட்டு உரிமையாளர்கள் சேர்ந்து சொந்த ஆலைகளே நடத்துகிறார்கள். காடு பொறுப்போடு பராமரிக்கப்படுகிறது என்று காட்டும் சான்றிதழுக்கும் இதே வழிதான்: 1993-இல் தொடங்கிய எப்.எஸ்.சி., 1999-இல் வந்த பி.இ.எப்.சி. இரண்டிலும் குழுச் சான்றிதழ் உண்டு. தனியாக எடுத்தால் தணிக்கைச் செலவு சிறு காட்டின் வருமானத்தைத் தின்றுவிடும். சான்றிதழ் மரத்துக்கு உங்கள் ஆலை கூடுதல் விலை தருகிறதா என்று கேட்டுவிட்டே சேருங்கள்.

வெட்டும்போது ஒருநாள் விட்டு ஒருநாளாவது போய்ப் பாருங்கள். டயர் தடம் கணுக்காலுக்கு மேல் ஆழமானால் வேலையை நிறுத்துங்கள். இறுகிய மண்ணில் வேர் பல ஆண்டு பரவாது. ஓடையின் இருபுறமும் 15 முதல் 30 மீட்டருக்குள் இயந்திரம் வரக் கூடாது. வேலை முடிந்ததும் இழுவைப் பாதைகளின் குறுக்கே, நீர் பக்கவாட்டில் காட்டுக்குள் வழியும்படி சாய்வான வரப்புகள் போட வேண்டும்: 5% சரிவில் 40 மீட்டருக்கு ஒன்று, 10% சரிவில் 25 மீட்டருக்கு, 20% சரிவில் 14 மீட்டருக்கு. வரப்பின் வெளிமுனை திறந்திருக்கட்டும். முனையை மண்ணால் அடைத்துவிட்டால் நீர் தேங்கி, வரப்பையே உடைத்துக்கொண்டு ஓடும்.

கார்பன் கடன்

இதில் வாய்ப்பு உண்டு. நிறுவனங்களின் துண்டறிக்கையில் போட்டிருக்கும் அளவுக்கு இல்லை. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். காடு ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 5 கன மீட்டர் தண்டு வளர்கிறது. மரத்தின் அடர்த்தி 0.5 என்றால் 2.5 டன். கிளைக்கு 1.3, வேருக்கு 1.25 என்று பெருக்கினால் 4.06 டன். அதில் கார்பன் 47%, 1.91 டன். அதை 3.67-ஆல் பெருக்கினால் 7 டன் கார்பன் டை ஆக்சைடு. 10 ஹெக்டேருக்கு 70 டன்.

எழுபதும் கடனாக மாறாது. ஒப்பந்தம் இல்லாவிட்டாலும் உங்கள் காடு எப்படியும் சேர்த்திருக்கும் அளவு கழிக்கப்படும். அது ஹெக்டேருக்கு 4 டன் என்று வைத்தால் மீதி 30. தீ, புயல் இழப்புக்கான பொதுக் கையிருப்புக்கு 20% பிடித்தால் 24. அந்த இருபத்து நான்கில்தான் சரிபார்ப்புச் செலவும் இடைத்தரகர் பங்கும் போக வேண்டும். தனியாகச் சிறு காட்டுக்கு இது கட்டுப்படியாகாது. பலரைச் சேர்க்கும் திட்டங்களில்தான் ஓரளவு நிற்கும். இந்தக் கழிவுகள் எதையும் காட்டாமல் ஒருவர் ஹெக்டேருக்கு வருமானம் சொன்னால், அவர் எழுபதைக் காட்டிப் பேசுகிறார்.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியது: ஒப்பந்தம் எத்தனை ஆண்டு? கலிபோர்னியாவின் கட்டாயச் சந்தையில் கடன் வழங்கப்பட்டதிலிருந்து 100 ஆண்டு காட்டைக் கண்காணிக்கும் பொறுப்பு உண்டு. தன்னார்வச் சந்தையில் மிகக் குறுகிய ஒப்பந்தங்களும் உள்ளன. நிலத்தை விற்றால் பொறுப்பு வாங்குபவருக்கு மாறுமா? கலைப்பு வெட்டுக்கு அனுமதி உண்டா? காடு எரிந்தால் வாங்கிய பணத்தைத் திருப்பித் தர வேண்டுமா? நீங்களே வெட்டினால்? முன்கூட்டி விலகினால் தண்டம் எவ்வளவு? கடன் எந்தப் பதிவேட்டில் ஏறுகிறது, விற்ற விலையை நீங்கள் பார்க்க முடியுமா? கடன் விலை ஏறினால் உங்கள் பங்கும் ஏறுமா, நிலைத்தொகையா? நில அடமானம் இருந்தால் வங்கியின் சம்மதமும் வேண்டும். எந்தப் பதிலும் வாய்மொழியாக இருந்தால் அது இல்லாததுபோலத்தான்.

தீ, பூச்சி, வாரிசு

தீ சரிவில் மேல்நோக்கி ஏறும்போது, சரிவு 10 பாகை கூடக் கூட வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். அதனால் சரிவின் அடிவாரத்தில் உள்ள பாதையோரத்தைத்தான் முதலில் சுத்தம் செய்ய வேண்டும். தரைச் சருகிலிருந்து தழைக்குத் தீ ஏற ஏணியாகும் காய்ந்த கிளைகளை 2 முதல் 3 மீட்டர் உயரம் வரை கழித்துவிடுங்கள். வெட்டுக் கழிவை முழங்கால் உயரத்துக்கு மேல் குவியலாக விடாமல் துண்டாக்கிப் பரப்புங்கள். தீயணைப்பு வண்டி திரும்ப இடமில்லாத சாலை இருந்தும் பயனில்லை.

பூச்சிக்கு மருந்தைவிட நடைதான் உதவும். ஆண்டுக்கு இரண்டு முறை காட்டுக்குள் நடந்து, உச்சி காய்ந்த மரம், தண்டில் புதுத் துளை, அடியில் மரத்தூள் தென்படுகிறதா என்று பாருங்கள். வெளியூர் விறகை உள்ளே விடாதீர்கள். வேறு காட்டிலிருந்து வரும் இயந்திரத்தின் சக்கரச் சேறு கழுவப்பட்டதா என்று பார்த்துவிட்டே இறக்க விடுங்கள். களை விதை அதில்தான் பயணம் செய்கிறது. 2018 வறட்சிக்குப் பின் மத்திய ஐரோப்பாவில் பட்டைவண்டு ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரக் காடுகளை வாரிக்கொண்டு போனபோது, எல்லோரும் ஒரே நேரத்தில் செத்த மரத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்து விலையும் சரிந்தது. ஒரே மரவகை, ஒரே வயது என்று நட்டவர்கள் இரட்டை அடி வாங்கினார்கள். மறுநடவில் இரண்டு மூன்று வகையாவது கலப்பதற்கு இதுவே போதுமான காரணம்.

வாரிசு விஷயத்தில், பிரிக்காத கூட்டுப் பங்காக விட்டுச் செல்வதுதான் அதிகம் கெடுக்கிறது. ஒரு கலைப்பு வெட்டுக்கு எட்டுக் கையெழுத்து தேவை என்றால் அந்த வெட்டு நடக்காது. ஒருவருக்குப் பணமுடை வந்தால் மொத்தமும் விற்பனைக்கு வரும். முடிவெடுக்கும் பொறுப்பை ஒருவருக்கோ ஒரு நிறுவன அமைப்புக்கோ எழுதிவைத்து, வருமானத்தை மட்டும் பங்கிடச் செய்யலாம். பொறுப்பேற்பவரை அழைத்துப் போய் எல்லைக் கற்களைக் காட்டுங்கள்.

மாதிரி வட்டங்களின் மையத்தில் துருப்பிடிக்காத ஒரு முளை அடித்து, எண்ணையும் இடத்தையும் நோட்டில் குறித்துவிடுங்கள். ஐந்து ஆண்டு கழித்து அதே வட்டம், அதே மரங்கள், அதே 1.3 மீட்டர். முளை இல்லாவிட்டால் இரண்டாம் அளவு வேறொரு இடத்தின் அளவாகிவிடும். காடு வளர்ந்ததா, வட்டம் நகர்ந்ததா என்று சொல்லவே முடியாது.